அறுத்தெடுத்த பல் கட்டியைக் குப்பையில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் சுகாதாரப் பக்கத்தில் பல் கட்டிகளைப் பற்றி வந்த குறிப்பை வாசித்தேன். சூத்தைப் பல்லைக் கவனிக்காமல் விட்டால் தாடைக்குள் நீர்க்கட்டி உண்டாகும், அதைச் சத்திரசிகிச்சை செய்து எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. எடுத்த கட்டி அதற்குப் பிறகு எங்கே போகிறது? அது இழையத்தைக் கெடாமல் காக்கும் போமலின் திரவப் போத்தலில் ஆய்வுகூடத்துக்குப் போய், நுணுக்குக்காட்டியின் கீழே பார்க்கப்பட வேண்டும். பிரச்சினை தீர்ந்ததா இல்லையா என்று அதற்கப்புறம்தான் யாரும் சொல்ல முடியும்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். மத்திய மாகாணத்து அரசாங்க வைத்தியசாலைகளில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வேலைக்காலத்தின் பெரும்பகுதி இழையவியல் பிரிவில்தான் போனது. நோய் இன்னதென்று முடிவு சொல்பவர் நோயியல் வைத்திய நிபுணர். இழையத்தை மெழுகில் பதித்து, சீவி, சாயமேற்றி அவர் மேசையில் கொண்டுபோய் வைப்பது எங்கள் பொறுப்பு. வைப்பதற்கு முன்னால் சாயம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று நாங்களே ஒரு தரம் பார்த்தாக வேண்டும். அப்படிப் பார்த்ததைக் கொண்டும், கூட இருந்த வைத்திய நிபுணர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததைக் கொண்டும்தான் இதை எழுதுகிறேன்.

கட்டி என்றாலே உள்ளே சீழ் மட்டும்தான் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். சீழ்க்கட்டி வேறு, நீர்க்கட்டி வேறு. நீர்க்கட்டிக்கு ஒரு பை உண்டு. பையின் உட்படை மேலணி இழையம், அதாவது நம் வாயின் உட்பக்கத்தை மூடியிருக்கும் இழையத்தின் இனத்தைச் சேர்ந்தது. அதற்கு வெளியே நாரிழையத்தால் ஆன சுவர். எலும்புக்கு நடுவில் மேலணிக் கலங்கள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். பல்லின் வேர் உருவாகும் காலத்தில் ஹேர்ட்விக் உறை என்ற மெல்லிய மேலணிப் படைதான் வேருக்கு வடிவம் கொடுக்கிறது. வேர் வளர்ந்து முடிந்ததும் அந்த உறை சிதைந்துவிடும். ஆனால் முழுவதும் ஒழிந்து போவதில்லை. சின்னச் சின்னக் கலக் குவியல்களாக, வேரையும் எலும்பையும் இணைக்கும் இழையத்துக்குள்ளே தங்கிவிடும். பிரான்சு நாட்டு மலஸே என்பவர் 1880களில் இவற்றை விவரித்ததால் இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். உங்களுக்கும் எனக்கும் பல் இருக்கிற எல்லாருக்கும் இந்தக் கலங்கள் இருக்கின்றன. சும்மா கிடக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை.

தொல்லை தொடங்குவது சூத்தைப் பல்லில். நம் தோட்டங்களில் பல் வலித்தால் கராம்பை வைத்துக் கடிப்பார்கள், இரண்டு பனடோல் போடுவார்கள், வலி நின்றால் வேலைக்குப் போய்விடுவார்கள். பல தடவைகளில் அந்த வலி நிற்பது பல்லுக்குள் இருந்த நரம்பும் இரத்தக்குழாயும் செத்துப் போனதால்தான். செத்த இழையத்திலிருந்து கிருமியும் நச்சும் வேரின் நுனி வழியாக வெளியே கசியும். அங்கே அழற்சி உண்டாகும். தூங்கிக் கிடந்த மேலணிக் கலங்களை அந்த அழற்சி எழுப்பிவிடுகிறது. அவை பெருகுகின்றன. குவியலின் நடுவில் இருக்கும் கலங்களுக்குப் போசணை எட்டாமல் அவை அழிய, அங்கே ஒரு குழி விழுகிறது. அழிந்த கலங்களின் எச்சத்தால் குழிக்குள் இருக்கும் நீர் செறிவாகி, பிரசாரணத்தால் சுற்றிலுமிருந்து நீரை இழுக்கிறது. பை மெல்ல மெல்லப் பெருக்கிறது, பக்கத்து எலும்பு கரைந்து இடம் விடுகிறது. வலியே இல்லாமல் வருடக்கணக்கில் இது நடக்கலாம். தாடைகளில் வரும் நீர்க்கட்டிகளில் மிக அதிகமாகக் காணப்படுவது வேர்நுனியில் வரும் இந்த வகைதான்.

ஆய்வுகூடத்துக்கு வந்து சேரும்போது அது பார்க்க ஒன்றுமே இல்லாத பொருள். சாம்பல் நிறமோ மண்ணிறமோ கலந்த ஒரு தோல் துண்டு. கிழிந்திருக்கும், சுருண்டிருக்கும். இதைப் போய் என்ன பார்ப்பது என்றுதான் யாருக்கும் தோன்றும். வெட்டித் திறந்தால் சிலவற்றின் உட்புறத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் மினுங்கும். கொலஸ்திரோல் பளிங்குகள். அந்தத் துண்டை மதுசாரத்தில் படிப்படியாக நீர் நீக்கி, சைலீனில் தெளியவைத்து, உருகிய பரபின் மெழுகில் ஊறப்போட்டு, பிறகு அச்சில் பதிப்போம். பதிக்கிற நேரத்தில்தான் கைப்பழக்கம் வேண்டும். பையை மெழுகுக்குள் தட்டையாகப் படுக்கவைத்தால் சீவல் முழுக்க ஒரே படையாகத்தான் வரும், ஒன்றும் விளங்காது. விளிம்பில் நிமிர்த்தி நிற்கவைக்க வேண்டும். அப்போதுதான் உட்படை, சுவர், வெளிப்புறம் மூன்றும் ஒரே சீவலில் அகப்படும். மெழுகு ஆறுவதற்குள் இடுக்கியால் பிடித்து நிறுத்திவிட வேண்டும், அதற்குக் கிடைப்பது சில நொடிகள்தான்.

அப்புறம் மைக்ரோட்டோம் என்ற சீவும் கருவியில் 4, 5 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவுவோம். ஒரு மில்லிமீற்றரை 200 பங்கு போட்டால் ஒரு பங்குதான் 5 மைக்ரோமீற்றர். நாடாவாக வரும் சீவலை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்போம். பிறகு சாயம். ஹீமடொக்சிலின் மத்திய அமெரிக்கப் பகுதியில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுக்கப்படுவது, கலங்களின் கருவை நீலமாக்கும். இயோசின் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும்.

வேர்நுனிக் கட்டியை இப்போது நுணுக்குக்காட்டியில் பாருங்கள். உட்படையில் பல அடுக்கு மேலணிக் கலங்கள். அவை ஒரே தடிப்பில் இருப்பதில்லை. ஓரிடத்தில் மெலிந்தும் இன்னோரிடத்தில் தடித்தும், வளைவு வளைவாகக் கிளைத்துச் சுவருக்குள் இறங்கியும் இருக்கும். அந்தக் கலங்களுக்கு இடையிடையே அழற்சிக்கு ஓடி வந்த வெண்குழியங்கள் நுழைந்திருக்கும். சுவருக்குள் நார்கள், புதிய இரத்தக்குழாய்கள், லிம்போசைட்டுகள், கூட்டம் கூட்டமாகப் பிளாஸ்மா கலங்கள். கொழுப்பை விழுங்கி வயிறு வெளிறிய கலங்களும் தெரியும். சில இடங்களில் ஊசி வடிவில் வெள்ளை வெள்ளையாக இடைவெளிகள். பளிங்காக மினுங்கியதே கொலஸ்திரோல், அது இருந்த இடம் அதுதான். சைலீனிலும் மதுசாரத்திலும் கொழுப்பு கரைந்து போய்விடும், அது கிடந்த வடிவம் மட்டும் மிஞ்சும். அந்த இடைவெளியின் ஓரத்தில் பல கருக்களைக் கொண்ட பெரிய கலங்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். உடம்பு அந்தப் பளிங்கை அந்நியப் பொருளாக நினைத்து விழுங்கப் பார்த்ததன் அடையாளம். தகட்டில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இது, என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன்.

இன்னொன்றும் உண்டு. பத்துக் கட்டிகளில் ஏறத்தாழ ஒன்றில், உட்படைக்குள்ளேயே பளிச்சென்ற இளஞ்சிவப்பில், நேராகவோ வளைந்தோ கண்ணாடித் துண்டு போலத் தெளிவான சிறு பொருட்கள் கிடக்கும். 1955இல் ரஷ்டன் என்பவர் எழுதியதால் ரஷ்டன் பொருட்கள் என்பார்கள். எதனால் ஆனவை என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒரு முடிவு இல்லை. நோயாளிக்கு அவற்றால் கெடுதியும் இல்லை. ஆனால் இந்தக் கட்டி பல் சம்பந்தமான மேலணியிலிருந்து வந்ததுதான் என்பதற்கு அவை நல்ல சாட்சி.

இவ்வளவும் சாதுவான கட்டியைப் பற்றிச் சொன்னது. பல்லைப் பிடுங்கியோ வேர்ச் சிகிச்சை செய்தோ பையையும் முழுதாக எடுத்துவிட்டால் அநேகமாக அதோடு சரி. ஆனால் எக்ஸ்ரேயில் இதே மாதிரி கறுப்பு வட்டமாகத் தெரிந்து, உள்ளே முற்றிலும் வேறாக இருக்கிற கட்டிகள் இருக்கின்றன. நான் பேனா எடுத்ததே அவற்றுக்காகத்தான்.

ஒடொன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட் என்று ஒன்று. பிலிப்சன் என்பவர் 1956இல் அந்தப் பெயரைக் கொடுத்தார். பல் முளைப்பதற்கு முன்பே தாடைக்குள் இறங்கிய மேலணிப் படையின் மிச்சத்திலிருந்து வருவது. கீழ்த்தாடையின் பின்பக்கம், கடைவாய்ப் பற்களுக்கு அப்பால் அதிகம் வரும். தகட்டில் பார்த்த ஒருவர் மறக்கமாட்டார். உட்படை ஒழுங்காக ஆறு முதல் எட்டுக் கலத் தடிப்பு, எங்கேயும் சுவருக்குள் கிளைத்து இறங்காது. மேற்பரப்பு அலை அலையாகச் சுருங்கி, நகத்திலும் முடியிலும் இருக்கிற கெரட்டின் என்ற பொருள் படிந்திருக்கும். அடிவரிசைக் கலங்களின் கருக்கள் கருநீலமாக, தவறணையில் தேயிலைக் கன்று நட்டமாதிரி வரிசை பிசகாமல் நிற்கும். சுவர் மிக மெல்லியது, கை பட்டால் கிழியும். உட்படைக்கும் சுவருக்கும் பிடிப்புக் குறைவு, சீவலிலேயே பிரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். சுவருக்குள்ளே குட்டிக் குட்டிப் பைகள் வேறு இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்வதில் என்ன பயன்? சத்திரசிகிச்சை செய்கிற வைத்தியர் பிரதான பையை எடுத்தாலும், கிழிந்த துண்டொன்றோ ஒரு குட்டிப் பையோ எலும்பில் தங்கினால் கட்டி திரும்ப வளரும். திரும்பி வருவதில் பேர்போன கட்டி இது. அதிகமாக முதல் ஐந்து வருடங்களுக்குள் வரும், பத்து வருடம் கழித்தும் வந்ததுண்டு. வெளியே ஒரு மாற்றமும் தெரியாமல் எலும்பின் நீளவாட்டில் வளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் இந்த வகை என்று தெரிந்தவுடன் வைத்தியர்கள் எலும்பின் ஓரத்தையும் சுரண்டி எடுப்பது போன்ற கூடுதல் சிகிச்சையைப் பற்றி யோசிக்கிறார்கள், வருடாவருடம் எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதைப் புற்றல்லாத கழலை வகைக்குள் சேர்த்தது, 2017இல் மறுபடி நீர்க்கட்டிக்குள்ளேயே வைத்தது. எந்தப் பட்டியலில் இருந்தாலும் கண்காணிப்பு மாறவில்லை. இளவயதில் ஒருவருக்கே பல இடங்களில் வந்தால், கோர்லின் என்ற பரம்பரை நோய்க்கூட்டின் அறிகுறியா என்றும் பார்ப்பார்கள். தோல் புற்றுநோயோடு சம்பந்தப்பட்ட விஷயம் அது.

என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கீழ்த்தாடையின் பின்பக்கம் வீங்கி, நகரத்தில் ஒரு தனியார் இடத்தில் காசு கட்டிச் சத்திரசிகிச்சை செய்துகொண்டான். எடுத்த பையை என்ன செய்தார்கள் என்று வீட்டுக்கு வந்தபோது கேட்டேன். "கழிச்சுப் போட்டுட்டாங்க சின்னம்மா, சும்மா நீர்க்கட்டிதானாம்" என்றான். சில வருடங்கள் கழித்து அதே இடத்தில் வீக்கம். இந்த முறை பேராதனை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். பையை இழையப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கெரட்டோசிஸ்ட். முதல் தடவையே அது தெரிந்திருந்தால் அவன் இடையில் வருடாவருடம் எக்ஸ்ரே எடுத்திருப்பான், கட்டி சின்னதாக இருக்கும்போதே கண்டிருப்பார்கள். இரண்டாம் தடவை எலும்பு அவ்வளவு கரைந்திருந்ததால், தாடை உடையாமலிருக்க பல வாரங்கள் கஞ்சியும் கரைத்த சோறுமாக இருந்தான். அந்த இடத்தின் மேல் வழக்குப் போட நான் வரவில்லை. ஒரு போத்தல் போமலினுக்கு ஆகும் செலவை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை.

இன்னும் பாரதூரமானது அமெலோபிளாஸ்டோமா என்ற தாடைக் கழலை. முளைக்காத பல்லின் முடியைச் சுற்றி வரும் டென்டிஜெரஸ் சிஸ்ட் ஒரு சாதாரணக் கட்டி. கீழ் ஞானப்பல், மேல் கோரைப்பல் ஆகியவற்றில் அதிகம். அதன் உட்படை இரண்டு மூன்று கல அடுக்குத்தான், தட்டையாக, அமைதியாக இருக்கும். அதே இடத்தில், அதே வயதுப் பிள்ளைகளுக்கு, எக்ஸ்ரேயில் அச்சொட்டாக அதே மாதிரித் தெரிகிற ஒற்றைப் பை அமெலோபிளாஸ்டோமாவும் வரும். அது நீர்க்கட்டியே அல்ல, கழலை. வித்தியாசத்தை எலும்பில் தேடிப் பயனில்லை, கலத்தில்தான் தேட வேண்டும். அடிவரிசைக் கலங்களின் கருக்கள் அடிச்சவ்வை விட்டு விலகி மறுமுனைக்குப் போயிருக்கும், கருவுக்குக் கீழே வெளிறிய இடமிருக்கும். விக்கர்ஸ், கோர்லின் என்ற அறிஞர்கள் இருவரும் 1970இல் எழுதிவைத்த இந்த அடையாளங்களைத்தான் இன்றும் நிபுணர்கள் தேடுகிறார்கள். கட்டியின் உட்படையிலேயே புற்றுநோய் தொடங்குவதும் உண்டு, மிக மிக அபூர்வம்.

சரி, அனுப்பினால் போதுமா? போதாது. அனுப்புகிற விதம் இருக்கிறது. உப்புநீரிலும் சுத்திகரிப்பு ஸ்பிரிட்டிலும் போட்டு வந்த துண்டுகளோடு நாங்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. உப்புநீரில் கிடந்தால் கலங்கள் தாமாகவே அழிந்துபோகும், தகட்டில் நிழல்தான் தெரியும். 10 வீத போமலின் வேண்டும், துண்டின் அளவைப்போல் பத்து மடங்காவது வேண்டும். போத்தல் வாய் அகலமாக இருக்க வேண்டும். மருந்துச் சிரப் போத்தலுக்குள் துண்டு மெத்தென்று வழுகிப் போய்விடும், போமலினில் விறைத்தபிறகு அதே வாய் வழியாக வெளியே வராது. பெயரை மூடியில் எழுதாமல் போத்தலின் உடம்பில் எழுத வேண்டும், ஏனென்றால் மூடிகள் மாறும். நம் பகுதியில் ஒரே பெயர்க்காரர் எத்தனையோ பேர். ஒரே நாளில் இரண்டு லெட்சுமி, மூன்று ராமையா வருவார்கள். தகப்பன் பெயர், வயது, தோட்டம், டிவிஷன் எல்லாம் எழுதினால்தான் ஆளைப் பிரித்தறிய முடியும்.

கூடவே வரும் படிவத்தில் எந்தப் பல், அந்தப் பல் உயிரோடு இருந்ததா செத்ததா, எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று எழுதியிருக்க வேண்டும். பல இடங்களில் "சிஸ்ட்" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். நுணுக்குக்காட்டி எல்லாவற்றையும் தனியாகச் சொல்லாது. அழற்சி கடுமையாக இருந்தால் கெரட்டோசிஸ்டின் உட்படைகூட அந்த இடத்தில் தன் அடையாளத்தை இழந்து சாதாரணக் கட்டி மாதிரி நிற்கும். பக்கத்தில் அழற்சியில்லாத ஒரு துண்டு கிடைத்தால் உண்மை வெளிவரும். அதனால் அழகான ஒரு துண்டை மட்டும் பொறுக்கி அனுப்பாமல் எடுத்தது முழுவதையும் அனுப்ப வேண்டும்.

அடுத்தது ரிப்போட். அதற்கு நாளெடுக்கும், எலும்பும் கூட வந்திருந்தால் அதை அமிலத்தில் மெதுவாக்க வேண்டியிருப்பதால் இன்னும் பிந்தும். ஆய்வுகூட அலமாரியில் யாரும் வந்து வாங்காத ரிப்போட்டுகள் குவிந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனைக்கு இன்னொன்று. ஒரு கடுதாசித் துண்டு வாங்க ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். புண் ஆறிவிட்டது, வீக்கமும் இல்லை, இனி எதற்கு என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கொழுந்துக் காலத்தில் ஒரு நாள் பேர் என்பது என்ன என்று எங்கள் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

ஆனால் வழி இருக்கிறது. இப்போது லயத்தில் போன் இல்லாத வீடு இல்லை. சத்திரசிகிச்சை நாளிலேயே போன் நம்பரைப் படிவத்தில் எழுதிவைத்து, கவனிக்க வேண்டிய ரிப்போட் என்றால் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டுச் சொல்லலாம். கிளினிக் துண்டைக் காட்டினால் அன்றைய பேரை வெட்டாமல் விட தோட்ட நிர்வாகங்கள் மனம் வைக்கலாம், தொழிற்சங்கங்கள் அதைக் கேட்டு வாங்கலாம். ரிப்போட் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை வாசித்துச் சொல்பவர் பெரும்பாலும் சிங்களத்தில் சொல்கிறார். நம் ஆள் தலையாட்டிவிட்டு வருகிறார். "இது திரும்ப வரக்கூடிய வகை, வருடம் ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க வாருங்கள்" என்ற ஒரு வரியைத் தமிழில் அச்சடித்து வைத்து, தேவைப்படுகிறவரின் கையில் கொடுத்தால் எவ்வளவோ பேர் தாடையைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.

வெற்றிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நீர்க்கட்டிகளுக்கும் வெற்றிலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்கும் புற்றுநோய் வாய்ப்புற்று, வெற்றிலை பாக்கும் புகையிலையும் அதற்குப் பெரிய காரணம். கட்டிக்காகப் பல் வைத்தியரிடம் போகிறவர்கள் நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டிவிட்டு வரவேண்டும்.

வாசகர்களிடம் நான் கேட்பது இரண்டு கேள்விகளை மனப்பாடம் செய்யச் சொல்லித்தான். உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ தாடையில் கட்டி எடுத்தால், "இதைப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்களா, ரிப்போட் எப்போது வரும்?" என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற வைத்தியரை நான் கண்டதில்லை. நல்ல வைத்தியர்கள் நீங்கள் கேட்க முன்பே போத்தலை எடுத்து வைத்திருப்பார்கள்.

ஆசிரியர் ஐயா, உங்கள் அடுத்த ஞாயிறு இதழில் அந்தக் குறிப்போடு இந்தத் திருத்தத்தையும் சேர்த்துப் போடுங்கள். இடம் தருவதாக இருந்தால் ஒவ்வொரு வகையையும் பற்றித் தனித்தனியாக, விளங்குகிற தமிழில், கையால் வரைந்த படங்களோடு எழுதி அனுப்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
பொகவந்தலாவை.